முருகையனின் வலது கால்

முருகையன் கால் தூக்கவில்லை. தூக்கினார் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அவருடைய காலை நான் பார்க்கவே இல்லை. பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன்.

இந்த ஆண்டு பூப்பந்து நடுவர் தேர்வில் தேறியிருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். வலையின் உயரமும் கோட்டின் அகலமும் விதிப் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. சர்வீஸ் போடுகிறவரின் பாதம், பந்தில் பேட் படும்வரை தரையை விட்டு எழக்கூடாது என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக வேலை பார்த்துக்கொண்டே முப்பது வருடம் இந்த டெல்டா முழுக்க விசிலோடு அலைந்தவன் நான். எனக்குப் போர்த்திய பொன்னாடைகளை என் மனைவி தலையணை உறையாகத் தைத்துத் தீர்த்துவிட்டாள். இன்னும் தீராமல் இருப்பது இந்த ஒரு கால்தான். அதை எழுதுகிறேன்.

முதலில் அவர் சர்வீஸ் போடும் விதத்தைச் சொல்ல வேண்டும். நம் பந்து கம்பளிப் பந்து. எடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. காற்று கொஞ்சம் சாய்த்தால் சாய்ந்துவிடும். அதனால் அடிக்கிற அடியைவிட அடிப்பதற்கு முன் நிற்கிற நிலைதான் முக்கியம். பலபேர் பந்தைக் கையில் வாங்கியவுடனே தட்டிவிடுவார்கள். முருகையன் அப்படி இல்லை. கோட்டுக்குப் பின்னால் வந்து முதலில் இடது காலை வைப்பார். பிறகு வலது காலைப் பின்னால் வைத்து, பாதத்தை இந்தப் பக்கம் ஒரு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு திருகுவார். சேற்றில் நாற்று நடுகிறவர் காலை ஊன்றுவாரே, அதே ஊன்றல். செம்மண் களத்தில் அவர் வலது காலுக்கு என்று ஒரு சின்னக் குழியே விழுந்துவிடும். அப்புறம் தலையை நிமிர்த்தித் தென்னை மட்டை எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்ப்பார். பந்தை உள்ளங்கையில் ஒருமுறை உருட்டிச் சிலுப்பிக்கொண்ட நூலை அடக்குவார். பேட்டை இடுப்புக்குக் கீழே இறக்குவார். எதிரில் வாங்கப் போகிறவரைப் பார்ப்பார். கடைசியாக நடுவரைப் பார்ப்பார். மூச்சை விடுவார். அதற்குப் பிறகுதான் பந்து போகும்.

வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு இது பொறுக்காது. "டேய், நாத்து நட்டு முடிச்சிட்டியா?" என்று கத்துவார்கள். "கருது வந்தப்புறம்தான் அடிப்பான்டா" என்று இன்னொருவர் சொல்வார். அவர் காதில் வாங்க மாட்டார். ஆனால் அப்படிப் போட்ட சர்வீஸ் எதிரணியின் பின்மூலையில், கோட்டை ஒட்டி, ஒரே இடத்தில் போய் விழும். பத்துப் பந்தில் எட்டுப் பந்து அங்கேதான் விழும்.

எனக்கும் அது பொறுக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நான் வேகமான ஆட்டத்தை ரசிப்பவன். அவர் ஒவ்வொரு முறையும் அந்த எட்டுக் காரியங்களைச் செய்து முடிப்பதற்குள் என் கண் வேறு எங்காவது மேய்ந்துவிட்டு வரும். அவர் நிற்பதற்கு எடுத்துக்கொண்ட அந்த நேரம் எனக்கும் சேர்த்துத்தான் என்று அப்போது புரியவில்லை. அவர் காலை ஊன்றுகிற நேரத்தில் நான் என் கண்ணை அந்தக் காலில் ஊன்றியிருக்க வேண்டும்.

அந்தப் போட்டி பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், குடமுருட்டி ஆற்றங்கரைத் திடலில் நடந்தது. காணும் பொங்கல் அன்று இறுதி ஆட்டம். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முருகையன் உள்ளூர்க்காரர். அப்பா விவசாயக் கூலி. இவர் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலை இல்லாமல், குத்தகை நிலத்தில் அண்ணனோடு இறங்கி வேலை செய்துகொண்டு, சாயங்காலம் பந்து ஆடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அரசுத் துறை ஒன்றின் அணிக்கு ஆள் எடுக்க ஒருவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நல்ல சர்வீஸ் போடுகிற ஒருவர் அவர்களுக்குத் தேவை. எடுத்துவிட்டால் ஆட்டத்தோடு சேர்த்து நிரந்தர வேலை. முருகையனுக்கு வயது வரம்பில் அதுதான் கடைசி வருடம். இது திடலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

இரு அணியும் ஆளுக்கொரு ஆட்டம் எடுத்த பின் மூன்றாவது ஆட்டம். முருகையன் அணிக்கு இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை. எதிரணி இரண்டு புள்ளி பின்னால் நின்றது. சர்வீஸ் முருகையன் கையில். அவர் வந்து இடது காலை வைத்தார்.

அந்த நேரத்தில் சிறப்பு விருந்தினரின் கார் வந்தது. நம் பக்கத்துப் போட்டிகளில் அது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் சரி, சிறப்பு விருந்தினர் வந்துவிட்டால் வெடி போடுவார்கள், மைக் அவர் பக்கம் திரும்பிவிடும். நான் ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாம். கை தூக்கினால் போதும். நிறுத்தவில்லை. ஒரு பந்துதானே, முடிந்துவிடட்டும் என்று நினைத்தேன். முருகையனைப் பார்த்து "போடலாம்" என்று கையைக் காட்டினேன். அதே வேளையில் மைக்கில் என் பெயர் கேட்டது. "இன்றைய நடுவர் பெருந்தகை அவர்களுக்கு நமது சிறப்பு விருந்தினர் பொன்னாடை போர்த்தி கௌரவிப்பார்" என்றார்கள்.

காட்டிய கை இறங்குவதற்குள் என் தலை மேடைப் பக்கம் திரும்பிவிட்டது. என் பெயருக்குப் பின்னால் என்ன பட்டம் சேர்க்கிறார்கள் என்று கேட்பதற்காகத் திரும்பியது. இதைவிட மரியாதையான காரணம் ஒன்றை எனக்காக நான் பலமுறை தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை.

பேட்டில் பந்து பட்ட சத்தம் கேட்டது. திரும்பினேன். பந்து பின்மூலையில் கோட்டுக்கு உள்ளே கிடந்தது. எதிரணியில் ஒருவர்கூடத் தொடவில்லை. ஊர் எழுந்து நின்று கத்தியது. அதே கணத்தில் எதிரணிக் கேப்டன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வலைக்கு ஓடி வந்தார்.

"சார், காலு! காலத் தூக்கிட்டாரு சார்! நீங்களே பார்த்தீங்கல்ல?"

நீங்களே பார்த்தீங்கல்ல. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த உண்மையான பதில் "இல்லை" என்பதுதான். பார்க்காத தவறை நடுவர் கொடுக்கக் கூடாது. பந்து உள்ளே விழுந்தது, புள்ளி, ஆட்டம் முடிந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். அல்லது "நான் கவனிக்கவில்லை, மறுபடி போடுங்கள்" என்றாவது சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்துக்கு முன்னால், மேடைக்கு முன்னால், கவனிக்கவில்லை என்ற வார்த்தை எனக்கு வரவில்லை. பார்த்தவன் மாதிரி இருக்க வேண்டும் என்றால் ஏதோ ஒன்றைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டும். கை தூக்கினேன். "ஃபால்ட். கால்" என்றேன்.

சொன்ன பிறகுதான் முருகையனைப் பார்த்தேன். அவர் நகரவே இல்லை. பேட் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. வலது கால் அந்தக் குழிக்குள் அப்படியே இருந்தது. பந்து போய் விழுந்து, ஊர் கத்தி, நான் கை தூக்கி, இத்தனை ஆன பிறகும் அந்தப் பாதம் ஊன்றிய இடத்திலேயே இருந்தது. காலை எடுக்காமல் நின்றார். அதுதான் அவர் காட்டிய சாட்சி. என்னைத் தவிர யாருக்கும் அது சாட்சியாகப் படவில்லை.

அன்று ஸ்கோர் எழுதியவர் மதியழகன். தபால் நிலையத்தில் எழுத்தர். என் பக்கத்தில் சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், எழுதட்டுமா?" என்றார்.

அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. நான் சொன்னால் எழுதுவார், அதுதான் வழக்கம். தீர்ப்புக்கும் அடுத்த சர்வீசுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கிறது. அதற்குள் நடுவர் தன் தீர்ப்பைத் தானே மாற்றலாம். அடுத்த பந்து அடிபட்டால் கதவு மூடிவிடும். மதியழகன் அந்தக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார் என்பது எனக்கு அப்போதே புரிந்தது.

"எழுதுங்க" என்றேன்.

எழுதினார். முருகையன் அணியின் மேலாளர் வந்து கேட்டார். நடுவர் கண்ணால் கண்டதில் முறையீடு கிடையாது என்று விதியைச் சொல்லி அனுப்பினேன். விதி சரிதான். கண்ணால் கண்டதில் என்றுதான் விதி சொல்கிறது. சர்வீஸ் எதிரணிக்குப் போனது. அவர்கள் விடாமல் எடுத்து ஆட்டத்தை முடித்தார்கள். மைக்கில் அறிவித்தார்கள்: "நமது முருகையன் கால் தூக்கியதால் சர்வீசை இழந்து, நமது அணி இரண்டாம் பரிசைப் பெறுகிறது." அது இரண்டு ஒலிபெருக்கியிலும் ஆற்றின் அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். முன்வரிசையில் இருந்த அந்தத் துறைக்காரர் என் காதுபடவே சொன்னார்: "நல்ல பையன்தான். முக்கியமான நேரத்துல காலு நிக்க மாட்டேங்குதே." எதிரணியிலிருந்து ஒருவரை எடுத்துக்கொண்டு போனார்.

நான் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு நான் செய்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்களில் சிலருக்கு இது நேரலாம். அடுத்த இரண்டு மூன்று வருடங்கள் நான் கால் தவறுகளை அதிகமாகக் கொடுத்தேன். கண்டிப்பான நடுவர் என்று பெயர் வந்தது. மன்னார்குடியில் ஒரு ஆட்டத்தில் மட்டும் ஆறு கால் தவறுகள். ஒருவருக்குச் செய்த அநியாயத்தை நியாயமாக்க மற்றவர்களுடைய கால்களில் ஆதாரம் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். தவறு செய்த நடுவர் அதற்குப் பிறகு தளர்ந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். இறுகிவிடுவார்.

வருடங்கள் போயின. ஓய்வு பெற்றேன். முருகையன் என்னவானார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும் என்பதால்தான்.

போன வருடம் மதியழகன் போன் செய்தார். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். மகளோடு ஒரத்தநாட்டில் இருக்கிறார். அவர்கள் வீட்டுப் பசுவுக்கு மடிநோய் என்று கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"சார், அங்க யாரப் பார்த்தேன் தெரியுமா? முருகையன். அவரும் மாடு கொண்டாந்திருந்தாரு."

"எந்த முருகையன்?" என்றேன். எந்த முருகையன் என்று எனக்குத் தெரியும்.

"நல்லா இருக்காரு சார். விவசாயம். கூட ஊர்க்காரப் பையன் ஒருத்தன் வந்திருந்தான். டோக்கன் கூப்பிட்டாங்க. அந்தப் பையன் வாசல்ல நின்னுக்கிட்டு, 'ஏ தூக்குக்காலு மாமா, உங்க மாட்டக் கூப்பிடுறாங்க'ன்னு கத்துறான். இவரும் சாதாரணமா எழுந்து போறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் கேட்டேன். அந்தப் பையனுக்கு அந்தப் பேரு ஏன் வந்துச்சுன்னே தெரியாது சார். எல்லாரும் கூப்பிடுறாங்க, அவனும் கூப்பிடுறான்."

அந்தப் பெயரை நான் ஒருமுறை திரும்பச் சொன்னேன்.

"அன்னைக்கு நான் பேனாவக் கீழ வச்சேன்" என்றார் மதியழகன். "அப்புறம் எடுத்தேன். அதுல எனக்கும் பங்கு இருக்கு சார். போய்ட்டு வந்துருவோம்."

புரட்டாசியில் போனோம். குறுவை அறுவடை முடிந்து, ஊரெல்லாம் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். இரண்டு நாள் மழை பெய்து அன்றைக்குத்தான் வெயில் முகம் காட்டியிருந்தது. ஈரப்பதம் கூடுதல் என்று எடுக்க மறுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. களம் முழுக்க நெல் பரப்பிக் கிடந்தது. முருகையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். பாதம் தரையை விட்டு எழாமல், உழுகிற மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துக்கொண்டே போனார். பின்னால் இரண்டு சால் விழுந்துகொண்டே வந்தது. நான் களத்தின் ஓரத்தில் நின்று அந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க சார்" என்றார். மதியழகனிடம் "மாடு எப்படி இருக்கு?" என்று கேட்டார். தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி வசந்தா நிமிர்ந்தார்.

"யாருங்க?"

"அம்பையர் சார்" என்றார் முருகையன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவருதானா? இப்ப கண்ணாடி போட்டிருக்காரு. அப்பவே போட்டிருக்கக் கூடாதா?"

"வசந்தா."

"நான் என்ன சொல்லிட்டேன்? நல்லதுதானே சொன்னேன். எம் புள்ளையப் பள்ளிக்கூடத்துல தூக்குக்காலு மவனேன்னு கூப்பிட்டாங்க. அதக் கேட்டுட்டு வந்து அழுதான். அதச் சொல்லவா, வேணாமா?"

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். நீங்கள் கால் தூக்கவில்லை. நான் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தெரிந்தும் மாற்றவில்லை. அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது நீளமாக யோசித்து வைத்திருந்தேன். சொல்லும்போது நான்கு வாக்கியத்தில் தீர்ந்துவிட்டது.

முருகையன் நெல்லில் காலை வைத்தபடியே கேட்டார். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் சார்" என்றார். "நீங்க பார்க்கலன்னு எனக்குத்தான் முதல்ல தெரியும். நான் சர்வீஸ் போடுறதுக்கு முன்னாடி அம்பையரப் பார்ப்பேன். அவரு தயாரா இல்லன்னா போட மாட்டேன். அன்னைக்கும் பார்த்தேன். உங்க தலை மேடைப் பக்கம் இருந்துச்சு. ஆனா கை இந்தப் பக்கம் போடுங்கன்னு காட்டுச்சு. தலையப் பார்க்கிறதா, கையப் பார்க்கிறதா? கையப் பார்த்துட்டேன். அது என் தப்பு."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் உண்மையாகவே தன் பங்கு என்ன என்று இத்தனை வருடம் கணக்குப் பார்த்து, அந்த ஒரு வினாடியை எடுத்து வைத்திருந்தார்.

நான் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். மதியழகனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் வாங்கிப் பிரித்துப் படித்தார். பட்டதாரி, நிதானமாகப் படித்தார். திருப்பி மடித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். இத வச்சு இப்ப நான் என்ன செய்யிறது? வேலைக்குப் போற வயசா? யாருகிட்டக் காட்டுறது?"

"வெத்தல மடிக்கலாம்" என்றார் வசந்தா.

முருகையன் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னார்: "சார், அன்னைக்கு மைக்ல சொன்னாங்க. கால் தூக்கிட்டான்னு. வேலை போனதுகூட ஆறு மாசத்துல ஆறிப்போச்சு. எங்கப்பா அந்தத் திடல்ல நின்னாரு. சாகுற வரைக்கும் எங்கிட்ட, 'கொஞ்சம் காலப் பார்த்து வச்சிருக்கலாம்டா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் தூக்கலப்பான்னு எத்தன தடவ சொல்றது? அம்பையரு படிச்சவரு, பொய் சொல்லுவாரான்னு கேட்பாரு. மைக்ல சொன்னத மைக்லதான் சார் எடுக்கணும். அதே திடல்ல. காகிதத்துல எடுக்க முடியாது."

அம்பையர் படித்தவர், பொய் சொல்வாரா. அந்தப் பெரியவர் என் மேல் வைத்த மரியாதைக்கு அவர் மகன் விலை கொடுத்திருக்கிறார்.

வருகிறேன் என்று சொன்னேன். பொங்கலுக்குப் போனேன்.

இப்போதும் காணும் பொங்கலுக்கு அங்கே போட்டி நடக்கிறது. இறுதி ஆட்டத்துக்கு முன்னால், பழைய ஆட்டக்காரர்களை வைத்து ஒரு காட்சி ஆட்டம் வைத்திருந்தார்கள். முருகையனும் ஆடுவதாக ஏற்பாடு. நடுவர் நான். விழாக் குழுவினரிடம் முன்கூட்டியே சொல்லி, ஆட்டம் தொடங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் மைக் வாங்கியிருந்தேன். ஊர்ப் பெரியவர்களைப் பற்றி ஏதோ புகழப் போகிறேன் என்று நினைத்துக் கொடுத்தார்கள்.

நெல் களத்தில் சொன்ன அதே நான்கு வாக்கியங்களைச் சொன்னேன். பாதிப்பேர் கவனிக்கவில்லை. ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டிருந்தது. "சத்தமா சொல்லுங்க சார், கேட்கல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடி சொன்னேன். "முருகையன் அன்று கால் தூக்கவில்லை. நான் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னேன். அந்தக் கோப்பை இந்த ஊருடையது." இந்த முறை திடல் அடங்கியது. ஐஸ் வண்டிக்காரர்கூட மணியை நிறுத்திவிட்டார்.

பிறகு ஒருவர் கத்தினார்: "அப்ப அந்தக் கப்பப் போய் வாங்கிட்டு வரச் சொல்லுங்கடா!" எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு வெட்கம் இருந்தது. ஆனால் மூச்சு வந்தது. முருகையனின் அண்ணன் திடலை ஒட்டிய வரப்போரம் நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். முருகையன் குனிந்து பேட்டின் நரம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. முதல் சர்வீசை அவருக்கே கொடுத்தார்கள். மதியழகன் என் பக்கத்தில் ஸ்கோர் தாளோடு உட்கார்ந்திருந்தார். இந்த முறை நான் என் வேலையை முதலிலேயே செய்துவைத்திருந்தேன். வெயில் முகத்தில் அடிக்காத பக்கம் நின்றுகொண்டேன். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டேன். மைக்கை நிறுத்தச் சொன்னேன். அவர் இடது காலை வைக்கும்போதே என் கண் அங்கே போய்விட்டது.

இடது கால். வலது கால். இந்தப் பக்கம் ஒரு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு. "நாத்து நடுறாருடா!" என்று ஒரு பழைய குரல் கத்தியது. தென்னை மட்டையைப் பார்த்தார். பந்தை உருட்டினார். பேட்டை இறக்கினார். மூச்சை விட்டார். கை வீசியது.

வலது கால் எழுந்துவிட்டது.

பந்தில் பேட் படுவதற்கு முன்னால், பாதம் முழுதாக, ஒரு விரற்கடை எழுந்தது. முழங்கால் பழைய முழங்கால் இல்லை. உடம்பு முன்னால் சாய்ந்தபோது காலையும் கூட இழுத்துக்கொண்டது. நான் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன்.

பந்து அதே பின்மூலையில் போய் விழுந்தது. ஊர் எழுந்து கை தட்டியது. யாரும் முறையிடவில்லை. எதிரணிக்காரர்களும் கை தட்டினார்கள். இது காட்சி ஆட்டம், விளையாட்டுக்கு. இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் இந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். விட்டுவிடு என்று என் மனமே சொன்னது. ஆனால் அன்றைக்குப் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னேன். இன்றைக்குப் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னால், நான் மைக்கில் சொன்னதும் ஒரு பொன்னாடை ஆகிவிடும். அவருக்கு இரண்டாம் முறையும் பார்க்காத நடுவரைக் கொடுத்ததாக ஆகிவிடும்.

கை தூக்கினேன். "ஃபால்ட். கால்" என்றேன்.

கை தட்டல் பாதியில் நின்றது. மதியழகனின் பேனா தாளுக்கு மேலே நின்றது. வரப்போரம் வசந்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

முருகையன் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். அந்தக் குழியைப் பார்த்தார். கால் குழியை விட்டுத் தள்ளி இருந்தது.

"ஆமா சார்" என்றார். "தூக்கிடுச்சு."

கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர் துணிந்து கத்தினார்: "ஏ தூக்குக்காலு!"

முருகையன் திரும்பிச் சிரித்தார். "இன்னைக்குக் கூப்பிடுடா. இன்னைக்குத்தான் அது உண்மை."

அதற்குப் பிறகு வந்த சிரிப்பு நெடுநேரம் அடங்கவில்லை. வசந்தாவும் சிரித்தார், என்னைப் பார்த்து அல்ல, ஆனாலும் சிரித்தார். மதியழகன் என்னிடம் எதுவும் கேட்காமலே எழுதினார்.

பட்டப்பெயர் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. மதியழகன் விசாரித்துச் சொன்னார்: இப்போது அதைச் சொல்கிறவர்கள் கூடவே கதையையும் சொல்கிறார்களாம். வேலையும் அவருடைய அப்பாவும் திரும்பி வரப்போவதில்லை. நான் சரிசெய்தேன் என்று சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் மிகவும் தாமதமாகச் சொன்னேன், அவ்வளவே.

அந்த ஆட்டத்தில் அவருக்கு மறுபடி சர்வீஸ் வந்தது. அதே எட்டுக் காரியங்களையும் செய்தார். வலது காலை இன்னும் ஆழமாகத் திருகி ஊன்றினார். போடுவதற்கு முன் என் பக்கம் நெடுநேரம் பார்த்தாராம். மதியழகன்தான் பிறகு சொன்னார். எனக்குத் தெரியாது. நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.